அடி வாங்கட்டும், அப்புறம் பேசலாம்!

2025 ஆகஸ்ட் 16, ரியாத். ஒரு மூலையில் 37 வயது டிலியன் வைட். ஆன்டனி ஜோஷுவா, டைசன் ஃப்யூரி இருவரோடும் மோதியவர், பல வருடங்களாக ஹெவிவெயிட் பிரிவில் முதல் வரிசையில் இருந்தவர். எதிர் மூலையில் 20 வயது மோசஸ் இட்டௌமா. மணி அடித்து 1 நிமிடம் 59 விநாடியில் எல்லாம் முடிந்துவிட்டது. விழுந்த வைட் எப்படியோ எழுந்துவிட்டார். ஆனால் கால்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. நடுவர் கையை வீசி ஆட்டத்தை நிறுத்தினார்.

அன்றைக்கு ராத்திரியே ஆரம்பித்தது பேச்சு. ‘இனி யாரும் வேண்டாம், நேராக உலக சாம்பியன் உசிக்கோடு மோதவிடுங்கள்’ என்று ஒரு கோஷ்டி. ‘அடுத்த மைக் டைசன் இவர்தான்’ என்று இன்னொரு கோஷ்டி. 13 சண்டை, 13 வெற்றி, அதில் 11 நாக் அவுட். எண்ணிக்கையைப் பார்த்தால் மறுத்துப் பேச வாய் வராது.

ஆனாலும் பேசத்தான் வேண்டும். இட்டௌமா திறமைசாலியா என்பதில் சந்தேகமே இல்லை. இன்றைய இளம் ஹெவிவெயிட்களில் அவருக்கு நிகராகக் கை வேகமும் நிதானமும் சேர்ந்த இன்னொருவரை நான் பார்க்கவில்லை. அவர் எப்படி அடிப்பார் என்பது நமக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. பலமாக ஓர் அடி வாங்கினால், மூக்கில் ரத்தம் வந்தால், எட்டாவது சுற்றில் கை கனத்தால் என்ன செய்வார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. ஹெவிவெயிட் வரலாற்றில் தப்பான ஜோசியங்கள் எல்லாமே இந்த இடத்தில்தான் சறுக்கியிருக்கின்றன.

மற்ற எடைப் பிரிவுகளில் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே எடையில் நிற்பார்கள். ஹெவிவெயிட்டில் 200 பவுண்டுக்கு, அதாவது சுமார் 91 கிலோவுக்கு மேல் உச்சவரம்பே கிடையாது. 100 கிலோ ஆள் 130 கிலோ ஆளோடு மோதலாம். ஒரே ஒரு குத்து அதுவரை நடந்த பத்துச் சுற்றுக் கணக்கையும் அழித்துவிடும். அதனால்தான் இந்தப் பிரிவில் ‘வருங்கால சாம்பியன்’ என்று பட்டம் கட்டப்பட்டவர்களில் பாதிப் பேரின் பெயர் இன்று ரசிகர்களுக்கு ஞாபகம்கூட இல்லை.

ஜோடி போடும் கலை

இளம் வீரனின் வெற்றிக் கணக்கில் அவன் பங்கு பாதி. மீதி, அவனுக்கு எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் ஆளுடையது. புரமோட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஜோடி போடுவதே வேலையாக ஒருவர் இருப்பார். அவர் பெயர் சுவரொட்டியில் வராது, ஆனால் தொழிலின் சூட்சுமம் முழுக்க அவர் கையில்.

முதல் ஏழெட்டுச் சண்டைகளுக்கு அவர் கூப்பிடும் ஆட்கள் தோற்பதற்கென்றே வருகிறவர்கள். இவர்களைக் கேவலமாக நினைத்துவிடக் கூடாது. கையைக் கட்டிப்பிடித்து, கயிற்றில் சாய்ந்து, தோளைத் திருப்பி, அடியைப் பாதியாக்கி வாங்கத் தெரிந்த தேர்ந்த தொழிலாளிகள். நாக் அவுட் ஆனால் மருத்துவக் காரணத்துக்காகச் சில வாரங்கள் தடை விழும், அடுத்த சம்பளம் போய்விடும். எனவே நான்கோ ஆறோ சுற்று, விழாமல் நின்று தோற்பதுதான் அவர்கள் பிழைப்பு. அப்படிப்பட்ட ஆளை ஓர் இளைஞன் விழவைத்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். விழவைக்க முடியாமல் ஆறு சுற்றும் போனால்? அதுவும் நல்லதுதான், பையன் பொறுமை கற்றுக்கொள்வான்.

அடுத்த கட்டத்தில் வருபவர்கள், பெயர் பெரியதாகவும் கால் மெதுவாகவும் ஆகிவிட்ட பழைய ஆட்கள். 2024 ஜூலையில் இட்டௌமா இரண்டு சுற்றில் சாய்த்த போலந்துக்காரர் மாரியுஸ் வாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் விளாடிமிர் கிளிட்ச்கோவோடு 12 சுற்றும் நின்ற ராட்சதர் அவர். இட்டௌமாவிடம் வந்தபோது வயது 44. சுவரொட்டியில் அச்சாவது 2012-ம் வருட வாக், மேடையில் ஏறுவது 2024-ம் வருட வாக். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் ஒரு புரமோட்டரின் வியாபாரம் ஓடுகிறது.

இதில் நேர்மையாக ஜோடி போடுகிறவர்களும் உண்டு. அவர்கள் ஒரு சண்டைக்கு ஒரு கேள்வி என்று வைத்திருப்பார்கள். இந்த முறை தன்னைவிட உயரமான ஆள், அடுத்த முறை பின்வாங்காமல் ஏறிக்கொண்டே வரும் ஆள், அதற்கடுத்து ஓர் இடக்கையர், பிறகு எவ்வளவு அடித்தாலும் விழாத கல்தாடைக்காரர். இப்படிப் படி ஏறிய பையன் தோற்றாலும் உருப்படுவான்.

டைசனின் கதையை எல்லோரும் ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள்: 20 வயதில் சாம்பியன். அந்த ஒற்றை வரிக்குள் எவ்வளவு வேலை இருந்தது என்று பார்க்க வேண்டும். 1985 மார்ச் 6-ல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் முதல் சண்டை. அந்த ஒரே வருடத்தில் மட்டும் 15 சண்டைகள், எல்லாம் நாக் அவுட். மேலாளர்கள் ஜிம் ஜேக்கப்ஸும் பில் கெய்ட்டனும் அந்த நாக் அவுட்களை வீடியோ டேப்பில் வெட்டி ஒட்டிப் பத்திரிகையாளர்களுக்கு அனுப்பினார்கள். இன்று அலைபேசியில் வரும் 30 விநாடித் துண்டுகளுக்கு மூதாதை அந்த டேப்தான். அந்த டேப்பில் இடம்பெறாத ஒரு சண்டை 1986 மே மாதம் நடந்தது. ஜேம்ஸ் டில்லிஸ் என்ற அனுபவசாலி பத்துச் சுற்றும் நின்றார், திருப்பி அடித்தார், டைசனைக் குழப்பினார். டைசன்தான் ஜெயித்தார், ஆனால் மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் 6-4 என்றே கணக்குப் போட்டார்கள். அதே மாதம் மிட்ச் கிரீன் இன்னொரு பத்துச் சுற்று நின்றார். அதாவது 1986 நவம்பர் 22-ல் டிரெவர் பெர்பிக்கை இரண்டே சுற்றில் வீழ்த்திப் பட்டம் வாங்கியபோது டைசன் 27 சண்டை முடித்திருந்தார், இரண்டு முறை நெடுந்தூரம் ஓடிப் பார்த்திருந்தார், ‘அடித்தும் விழாத ஆள்’ எப்படி இருப்பான் என்று தெரிந்து வைத்திருந்தார்.

இட்டௌமா? 2023 ஜனவரியில் தொழில்முறைக்கு வந்தார். முதல் ஆளை 23 விநாடியில் முடித்தார். வைட் சண்டை வரை இரண்டரை வருடம், 13 சண்டை. எதுவும் ஆறு சுற்றைத் தாண்டவில்லை. டைசனின் வயதுச் சாதனையை முறியடிப்பேன் என்று ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். 2025 மே மாதத்தோடு அந்தக் கெடு கடந்துபோனது. முறியாமல் போனதில் எனக்கு வருத்தமில்லை, உள்ளூர நிம்மதிதான்.

ஹோம்ஸைத் தவறவிட்ட கண்கள்

திறமையைக் கணிப்பதில் அமெரிக்கா வாங்கிய மிகப் பெரிய பாடம் 1972-ல் தொடங்குகிறது. மூனிச் ஒலிம்பிக்குக்கு ஆள் எடுக்கிறார்கள். ஹெவிவெயிட் தேர்வில் இரண்டு பேர். ஒருவர் மின்னசோட்டாவிலிருந்து வந்த டுவேன் போபிக். முந்தைய வருடம் பான் அமெரிக்கன் போட்டியில் கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சனையே தோற்கடித்தவர். கடற்படைக்காரர், கட்டுமஸ்தான உடம்பு, வெள்ளைக்காரர். தொலைக்காட்சிக்குப் பிடித்த முகம். மற்றவர் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரத்தில் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு, கார் கழுவும் கடையில் வேலை பார்த்த லாரி ஹோம்ஸ். ஹோம்ஸ் அன்றைக்கு அடித்ததைவிடக் கட்டிப்பிடித்ததுதான் அதிகம். நடுவர் எச்சரித்துப் பார்த்துவிட்டு அவரைத் தகுதி நீக்கம் செய்தார்.

பார்த்தவர்கள் எழுதிய தீர்ப்பு சுருக்கமானது: போபிக் வருங்கால சாம்பியன், ஹோம்ஸுக்குத் தைரியம் போதாது.

மூனிச்சில் ஸ்டீவன்சன் பழி தீர்த்துக்கொண்டார். போபிக் மூன்றாவது சுற்றில் நொறுங்கினார். ஆனாலும் மவுசு குறையவில்லை. தொழில்முறையில் அவருக்கு வரிசையாக 38 வெற்றிகள் சேர்த்துவைத்தார்கள். 1977 மே 11, மேடிசன் ஸ்கொயர் கார்டன். எதிரே கென் நார்டன். 58 விநாடி. அவ்வளவுதான். 38 சண்டைகளில் ஒன்றுகூட நார்டன் கேட்ட கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

ஹோம்ஸ் அதே ஐந்து வருடத்தில் என்ன செய்தார் என்பது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. முகமது அலியின் பயிற்சி முகாமில் கூலிக்கு ஸ்பாரிங், அதாவது பயிற்சி மோதல், செய்தார். ஒருமுறை அலியின் அடியில் கண் கறுத்து வீங்கியது. ஐஸ் வைக்கச் சொன்னதற்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அலியிடம் வாங்கிய அடியை ஊரில் போய்க் காட்ட வேண்டுமே! ஜோ ஃப்ரேசியரோடும் ஸ்பாரிங். தினமும் உலகத்தின் தலைசிறந்த கைகளிடம் அடி வாங்கி வாங்கி, இடது ஜாபை, அதாவது முன்னால் நிற்கும் கையால் நேராகப் போடும் குத்தை, சாணை பிடித்துக்கொண்டே இருந்தார். 1978 ஜூனில் அதே நார்டனோடு 15 சுற்று நின்று, கடைசிச் சுற்றில் உயிரைக் கொடுத்து அடித்துப் பட்டத்தைப் பறித்தார். அடுத்த வருடம் எர்னி ஷேவர்ஸ் போட்ட ஒரு வலது கையில் ஹோம்ஸ் மல்லாந்து விழுந்தார். அந்த அடிக்குப் பிறகு எழுந்தவர்கள் மிகக் குறைவு. எழுந்து, சுதாரித்து, 11-வது சுற்றில் ஷேவர்ஸை முடித்தார். தைரியம் போதாது என்று எழுதிய பேனாக்கள் அன்றைக்கு எங்கே போயினவோ! ஹோம்ஸ் 20 முறை பட்டத்தைக் காத்தார்.

1972-ல் நீங்களோ நானோ அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? சத்தியமாகப் போபிக் பெயரைத்தான் சொல்லியிருப்போம். 22 வயதில் கட்டிப்பிடித்த ஒருவன் 29 வயதில் எப்படி எழுந்து நிற்பான் என்று சொல்ல எந்தக் கருவியும் இல்லை.

கையைப் பார்க்காதீர்கள், கை திரும்புவதைப் பாருங்கள்

அப்படியானால் கணிக்கவே முடியாதா? ஓரளவு முடியும். எங்கே பார்ப்பது என்பதுதான் விஷயம்.

1935 கடைசியில் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங் அமெரிக்கா வந்து ஜோ லூயிஸ் சண்டை ஒன்றை உட்கார்ந்து பார்த்தார். லூயிஸ் அப்போது தோல்வியே தெரியாத இளைஞர். அவரை வெல்ல ஆளே இல்லை என்று நாடே நம்பியது. ஷ்மெலிங் மட்டும், தான் ஏதோ ஒன்றைக் கவனித்துவிட்டதாகச் சொன்னார். என்னவென்று சொல்லவில்லை. பத்திரிகைகள் கேலி செய்தன.

அவர் கவனித்தது இதுதான். லூயிஸின் இடது ஜாப் அம்பு போலப் போகும். ஆனால் போன வழியில் திரும்பி வராது. தாடைக்கு நேராக வர வேண்டிய கை, வயிற்று உயரத்துக்குச் சரிந்து பிறகுதான் மேலே ஏறும். அந்தக் கண நேரம் லூயிஸின் இடது கன்னம் திறந்து கிடக்கும். 1936 ஜூன் 19-ல் ஷ்மெலிங் வேறு எதுவும் செய்யவில்லை. ஜாப் சரியும் வரை காத்திருந்து, அதன் மேலாகத் தன் வலது கையை இறக்கினார். நாலாவது சுற்றில் லூயிஸ் முதல் முறை விழுந்தார். 12-வது சுற்றில் எழவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் லூயிஸை லூயிஸ் ஆக்கியது. பயிற்சியாளர் ஜேக் பிளாக்பர்ன் அந்தக் கையைச் சரிசெய்தார். மறுவருடம் பட்டம். 1938 ஜூன் 22-ல் ஷ்மெலிங்கோடு மறுபடி மோதி, முதல் சுற்றிலேயே தீர்த்துக்கட்டினார். பிறகு கிட்டத்தட்ட 12 வருடம் சாம்பியனாக இருந்து, 25 முறை பட்டத்தைக் காத்தார்.

அதனால் இளம் வீரன் ஒருவனைப் பார்க்கும்போது கையுறை போய் விழும் இடத்தைப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். அங்கேதான் எல்லோர் கண்ணும் இருக்கும். அடித்த கை எந்த வழியாகத் திரும்புகிறது, அடித்து முடித்ததும் கால்கள் அதே இடத்தில் ஊன்றி நிற்கின்றனவா, தலை நடுக்கோட்டிலேயே இருக்கிறதா, இதெல்லாம் தோற்கிற ஆளோடு மோதும்போதுகூடத் தெரிந்துவிடும். வெறும் ஆளை அடிக்கும்போதே வலது கையைத் தொங்கவிடுகிறவன், கெட்டிக்காரன் வந்தால் மாட்டுவான். இன்னொன்று, சுற்று முடிந்து முக்காலியில் உட்காரும்போது அவன் கண் எங்கே போகிறது? பயிற்சியாளர் முகத்திலா, மேலே தொங்கும் பெரிய திரையிலா? எனக்கு இது ரொம்ப முக்கியம். திரையைப் பார்க்கிற பையன்களைக் கண்டாலே நம்பிக்கை போய்விடும்.

அமெரிக்காவின் ஜாரெட் ஆண்டர்சன் விஷயத்தில் எல்லாமே கண் முன்னால்தான் இருந்தது. ஒஹையோ மாநிலத்துப் பையன், டைசன் ஃப்யூரியே முகாமுக்குக் கூப்பிட்டு ஸ்பாரிங் செய்தவர். 2023 ஜூலையில் சொந்த ஊரான டொலிடோவில் சார்லஸ் மார்ட்டின் அவரை ஓர் அடியில் ஆட்டிவைத்தார். ஆண்டர்சன் ஜெயித்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஏப்ரலில் ரியாத் மெர்ஹியோடு பத்துச் சுற்று சுரத்தே இல்லாமல் ஆடினார். அரங்கமே கூச்சல் போட்டது. ஆனாலும் 17 வெற்றி, தோல்வி இல்லை, ‘அமெரிக்காவின் நம்பிக்கை’. 2024 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ். காங்கோவில் பிறந்து ஸ்காட்லாந்தில் வாழும் மார்ட்டின் பகோலே முதல் சுற்றிலேயே அவரைத் தரையில் உட்காரவைத்தார். ஐந்தாவது சுற்றில் கதை முடிந்தது. ஹெவிவெயிட்கள் பலரும் மோதத் தயங்கிய ஆள் பகோலே. பகோலே கேட்ட கேள்வியை ஆண்டர்சனிடம் யாராவது முன்பே தவணை முறையில் கேட்டிருக்க வேண்டும். மொத்தமாகக் கேட்டுவிட்டார்கள்.

முட்டி போட்டவர் எழுந்த கதை

இந்தத் தலைமுறையில் கணிப்பு எத்தனை முறை கவிழும் என்பதற்கு டேனியல் டுபுவாவைவிட நல்ல சாட்சி இல்லை.

2020 நவம்பர் 28, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் சர்ச் ஹவுஸ். கொரோனா காலம், பார்வையாளர் கிடையாது. 23 வயது டுபுவா, 15 சண்டையும் வெற்றி. எதிரே 35 வயது ஜோ ஜாய்ஸ், ரியோ ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கக்காரர், 22 வயதுக்குப் பிறகே குத்துச்சண்டைக்கு வந்த மெதுவான ஆள். இருவரில் எதிர்காலம் யாருக்கு என்று யாரும் கேட்கக்கூட இல்லை. ஜாய்ஸ் பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஜாப், ஜாப், மறுபடி ஜாப். எல்லாம் இடது கண்ணின் மேலேயே. கண் மூடிக்கொண்டது. பத்தாவது சுற்றில் இன்னொரு ஜாப் விழுந்ததும் டுபுவா தானாக ஒரு முட்டியை ஊன்றினார். நடுவர் பத்து எண்ணும்வரை எழவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் கண்குழி எலும்பு உடைந்திருந்தது. அதற்குள் ‘ஓடிப்போய்விட்டான்’ என்று பழைய சாம்பியன்களே பேசிவிட்டார்கள். குத்துச்சண்டையில் இதைவிடப் பெரிய வசவு இல்லை. கண் பார்வையைக் காப்பாற்றிக்கொண்ட 23 வயதுப் பையனைக் கோழை என்பது என்ன நியாயமோ! ஆனால் அந்த முத்திரை ஒட்டிக்கொண்டது.

2022 டிசம்பரில் கெவின் லெரேனாவிடம் முதல் சுற்றிலேயே மூன்று முறை விழுந்தார். முழங்காலில் காயம் வேறு. மூன்றாவது சுற்றில் லெரேனாவை அடித்து முடித்தார். பார்த்தவர்கள் ‘தப்பித்தான்’ என்றார்கள். எழுந்தான் என்று சொன்னவர்கள் குறைவு. 2023 ஆகஸ்டில் உசிக்கிடம் ஒன்பதாவது சுற்றில் தோற்றார். ‘மறுபடி முட்டி போட்டான், முடிந்தது கதை’ என்றார்கள். அதே டிசம்பரில் ஜாரெல் மில்லரைக் கடைசிச் சுற்றில், மணி அடிக்கச் சில விநாடி இருக்கும்போது நிறுத்தினார். 2024 ஜூனில் ஃபிலிப் ஹெர்கோவிச்சிடம் ஆரம்பச் சுற்றுகளில் பயங்கரமான வலது கைகளை வாங்கிக்கொண்டே முன்னால் நடந்து, எட்டாவது சுற்றில் வென்றார். பிறகு 2024 செப்டம்பர் 21. வெம்பிளி மைதானத்தில் 96,000 பேர். ஆன்டனி ஜோஷுவாவை நாலு முறை தரையில் தள்ளி, ஐந்தாவது சுற்றில் நாக் அவுட்.

அடுத்த வருடம் ஜூலையில் அதே வெம்பிளியில் உசிக்கிடம் ஐந்தாவது சுற்றில் மறுபடி தோற்றார். எனக்கு அதில் அதிர்ச்சி இல்லை. உசிக் அப்படிப்பட்ட ஆள். ஆனால் 2020-ல் டுபுவாவைப் பற்றி எழுதப்பட்ட எந்த வரியும், புகழ்ச்சியோ வசையோ, இன்று செல்லாது. தோல்விக்குப் பிறகு அவர் ஜிம்முக்குத் திரும்பிய விதம்தான் அவரைப் பற்றிய உண்மையான தகவல். அந்தத் தகவல் 15 வெற்றிகளில் எங்கேயும் இல்லை.

பட்டியலில் இல்லாத பெயர்

பதக்கம் ஓர் அடையாளம்தான், ஆனால் நம்பி மோசம் போனவர்கள் நிறைய. லிவர்பூலின் டேவிட் பிரைஸ் 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர். உயரம், வலது கை, பிரிட்டிஷ் பட்டம் எல்லாம் இருந்தது. 2013 பிப்ரவரியில் 41 வயது டோனி தாம்ப்சன் இரண்டாவது சுற்றில் சாய்த்தார். ஏதோ தவறி விழுந்த அடி என்று ஜூலையில் மறுபடி மோதினார்கள். மறுபடி சாய்ந்தார். டெலிஷியஸ் ஓரி காமன்வெல்த் தங்கத்தோடும் பொருளாதாரப் பட்டத்தோடும் வந்தார். 2025-ல் ஒரே ஒரு தொழில்முறைச் சண்டை, அதிலும் வெற்றி. அடுத்த மாதமே, மனசில் பழைய வெறி இல்லை என்று சொல்லி விலகிவிட்டார். ரசிகர்கள் திட்டினார்கள். எனக்கென்னவோ அவரை மாதிரித் தன்னை நேர்மையாகக் கணித்துக்கொண்ட ஹெவிவெயிட் வேறு யாரும் இல்லை என்றுதான் படுகிறது.

உஸ்பெகிஸ்தானின் பஹோதிர் ஜலோலோவை நம்மவர்களுக்கும் தெரிந்திருக்கும். டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியில், முந்தைய ஆட்டத்தில் முகத்தில் 13 தையல் போட்டுக்கொண்டு வந்த நம் ராணுவ வீரர் சதீஷ் குமாரைத் தோற்கடித்தவர். இறுதியில் அமெரிக்காவின் ரிச்சர்ட் டோரெஸை வென்றார். பாரிஸில் இன்னொரு தங்கம். இடக்கையர், 6 அடி 7 அங்குலம். ஆனால் தொழில்முறைக்கு வந்த பிறகும் தங்கங்களுக்காக அமெச்சூரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததில் வயது 30-ஐத் தாண்டிவிட்டது. அவரிடம் இரண்டு முறை தோற்ற டோரெஸ் குட்டையான உடம்போடு, புயல் மாதிரி உள்ளே புகுந்து புகுந்து தொழில்முறையில் தன் வழியைப் போட்டுக்கொண்டிருக்கிறார். 2019 உலகப் போட்டியில் ஜலோலோவ் அவரை நினைவிழக்கச் செய்தது இன்னும் இணையத்தில் ஓடுகிறது. அதற்குப் பின்னும் இரண்டு வருடத்தில் அதே ஆளின் எதிரே ஒலிம்பிக் இறுதியில் போய் நின்ற பையன் டோரெஸ். இவரிடம் எனக்கு ஒரு தனி நம்பிக்கை உண்டு, காரணம் அந்த ஒன்றுதான்.

எல்லாப் பட்டியல்களையும் கேலிக்கூத்தாக்கியவர் ஃபேபியோ வார்ட்லி. இங்கிலாந்தின் இப்ஸ்விச்காரர். வேலைக்கு ஆள் எடுத்துத் தரும் நிறுவனத்தில் உத்தியோகம். முறையான அமெச்சூர் அனுபவம் பூஜ்யம். ஆபீஸ் வேலைக்காரர்கள் பொழுதுபோக்காக மோதுவார்களே, அந்த மாதிரி நாலு சண்டை போட்டுவிட்டு நேராகத் தொழில்முறைக்கு வந்தவர். 2024 மார்ச்சில் டோக்கியோ வெண்கலப் பதக்கக்காரர் ஃப்ரேசர் கிளார்க்கோடு 12 சுற்று ரத்தக்களரி, முடிவு சமன். அக்டோபரில் மறு ஆட்டம். முதல் சுற்றிலேயே கிளார்க் சாய்ந்தார். 2025 ஜூனில் சொந்த ஊர்க் கால்பந்து மைதானமான போர்ட்மன் ரோட்டில் ஆஸ்திரேலியாவின் ஜஸ்டிஸ் ஹூனியிடம் ஒன்பது சுற்றும் பாடம் படித்தார். புள்ளிக் கணக்கில் எழுந்திருக்கவே முடியாத பள்ளம். பத்தாவது சுற்றில் ஒரே ஒரு வலது கை, ஹூனி தரையில். அக்டோபரில் முன்னாள் சாம்பியன் ஜோசப் பார்க்கரை 11-வது சுற்றில் நிறுத்தினார். உசிக் தன் பெல்ட் ஒன்றை விட்டுக்கொடுத்ததும் அது வார்ட்லி இடுப்புக்கு வந்தது.

வார்ட்லியின் கை திரும்பும் வழி சரியில்லை. கால் வேலை சுமார். நான் மேலே சொன்ன எந்தச் சோதனையிலும் அவர் தேறமாட்டார். ஒன்றே ஒன்று: தோற்றுக்கொண்டிருக்கும்போது அவர் மாறுவதில்லை. ஒன்பதாவது சுற்றில் முதல் சுற்றின் நம்பிக்கையோடு அடிக்கிறார். இதைப் பயிற்சிக் கூடத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஒன்பது சுற்று தோற்றால்தான் தெரியும்.

சரி, இட்டௌமா?

ஸ்லோவாக்கியாவில் பிறந்தவர். அம்மா அந்த ஊர்க்காரர், அப்பா நைஜீரியர். சின்ன வயதிலேயே குடும்பம் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்து சாத்தம் நகரத்துக்கு வந்தது. அண்ணன் கரோல் குத்துச்சண்டைக்காரர். அவர் பின்னாலேயே தம்பியும் ஜிம்முக்குப் போனார். 2022-ல் உலக இளையோர் சாம்பியன். அண்ணனுக்கு எதிர்பாராத தோல்வி ஒன்று விழுந்ததைத் தம்பி பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். அதுவும் ஒரு பாடம்தான்.

மேடையில் அவரிடம் எனக்குப் பிடித்தது அவசரமின்மை. இடக்கையரான அவர் முன்னே நிற்கும் வலது கையால் எதிராளியின் கையுறையைத் தட்டித் தட்டி, தூரத்தை அளந்துகொண்டேயிருப்பார். எதிராளி பதில் சொல்ல நினைப்பதற்குள் அரை அடி பக்கவாட்டில் நகர்ந்திருப்பார். இந்த உடம்புக்கு இந்தக் கால் வேலை அபூர்வம். அடித்த கை பெரும்பாலும் போன வழியிலேயே திரும்புகிறது. ஷ்மெலிங் வந்து உட்கார்ந்து பார்த்தாலும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார்.

குறை என்று சொல்ல இப்போதைக்கு ஒன்றுமில்லை என்பதே என் சந்தேகம். டெம்சி மக்கீன் ஒரு சுற்று, மைக் பலோகன் இரண்டு சுற்று, வைட் ஒரு சுற்று. இப்படி ஜெயிப்பதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. ஒவ்வொரு நாக் அவுட்டும் அவர் கற்றுக்கொண்டிருக்கக்கூடிய பத்துச் சுற்றைத் தின்றுவிடுகிறது. டைசனுக்கு டில்லிஸ் இருந்தார், ஹோம்ஸுக்கு அலியின் முகாம் இருந்தது, டுபுவாவுக்கு ஜாய்ஸின் ஜாப் இருந்தது. இவருக்கு வைட் சண்டை வரை ஒருவரும் அமையவில்லை. உசிக்கோடு இப்போதே மோதவிடச் சொல்கிறவர்கள் அந்தப் பத்துச் சுற்றையும் உசிக்கிடமே படிக்கச் சொல்கிறார்கள். கட்டணம் கொஞ்சம் அதிகம்.

அதனால்தான் 2026 தொடக்கத்துக்கு அமெரிக்காவின் ஜெர்மைன் ஃபிராங்க்ளினோடு மோதல் என்று புரமோட்டர் ஃபிராங்க் வாரன் தரப்பு பேசிவைத்தபோது, எதிராளி பெரிய பெயர் இல்லை என்று ரசிகர்கள் முகம் சுளித்ததை நான் ஏற்கவில்லை. ஃபிராங்க்ளின் 2022-ல் வைட்டோடு 12 சுற்று நின்றவர், சில மாதத்திலேயே ஜோஷுவாவோடும் 12 சுற்று நின்றவர். இரண்டிலும் தோல்வி, இரண்டிலும் விழவில்லை. உசிக் அல்ல, பெல்ட் இல்லை, சுவரொட்டிக்கு அழகும் இல்லை. 20 வயதுக்காரனுக்கு ஜோடி போடும் வேலை என்னிடம் வந்திருந்தால் நானும் இந்த மாதிரி ஆளைத்தான் தேடியிருப்பேன். அதற்கு அடுத்து, தயக்கமே இல்லாமல், பகோலே.